டிவி அணைகிறது, ஃபேன் ஓடுகிறது

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் டிவி தானாக அணைந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு "லோ வோல்டேஜ்". கொஞ்ச நாளில் ஒரு ஸ்டெபிலைசர் வந்து சேரும். பல வீடுகளில் அதற்குப் பிறகும் டிவி அணைந்துகொண்டேதான் இருக்கும். இன்றைய டிவி லோ வோல்டேஜை நன்றாகவே தாங்கும். டிவியால் தாங்க முடியாதது, மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் விட்டு விட்டு வருவது.

டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலான எல்இடி டிவிகளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். இதற்குக் காரணம் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை அது முதலில் டிசி ஆக்குகிறது. ஏசி அலையின் உச்சம் 1.41 மடங்கு என்பதால் கிடைப்பது சுமார் 325 வோல்ட். அதை ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட் மாதிரியான சிறிய அளவுகளுக்கு இறக்குகிறது. வோல்டேஜ் குறைந்தால் ஒவ்வொரு வெட்டிலும் கூடுதல் நேரம் கரண்டை இழுத்து ஈடுகட்டிவிடும். 170 வோல்ட்டில் ஃபேன் மெதுவாகும், குண்டு பல்பு மங்கும். டிவியில் படம் கொஞ்சமும் மங்காது.

அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஒரு சுழற்சிக்கு 20 மில்லி நொடி. கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பது சில சுழற்சிகளுக்குத்தான் போதும். கால் நொடி மின்சாரம் நின்றால் ஃபேன் சுழன்ற வேகத்திலேயே ஓடிவிடும், டியூப் லைட் ஒருமுறை சிமிட்டும், நாம் கவனிக்கக்கூட மாட்டோம். டிவியின் பிராசஸருக்கோ அது முழு மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் பல மாடல்கள் ஸ்டாண்ட்பைக்குப் போய் சிவப்பு விளக்கோடு நின்றுவிடும். "கரண்ட் இருக்கும்போதே அணைந்துவிட்டது" என்று நாம் சொல்வது இதைத்தான்.

சரி, அந்தக் கால் நொடி எங்கே தொலைகிறது? பெரும்பாலும் லூஸ் கான்டாக்டில். வடசென்னையில் இதற்குக் கடலும் ஒரு காரணம். உப்புக்காற்று பிளக் பாயிண்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தகடு பச்சை பூக்கும், பிடிப்பும் தளரும். மீட்டர் பெட்டிக்கு வரும் அலுமினிய சர்வீஸ் வயரும் வீட்டின் செம்பு வயரும் முறுக்கிச் சேர்க்கப்பட்ட இடத்தில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும்.

அரித்த இணைப்பில் மின்தடை கூடும், மின்தடை இருக்கும் இடத்தில் சூடு பிறக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். வழியில் ஒரு இணைப்பில் ஒரு ஓம் தடை இருந்தாலே அந்த ஒற்றைப் புள்ளியில் ஏறக்குறைய 19 வாட் சூடு, சின்ன சால்டரிங் அயர்னின் நுனி மாதிரி. சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, இணைப்பு மேலும் தளரும். டிவி அணைவதைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதே இணைப்புதான் ஒருநாள் போர்டைக் கருக்கும்.

வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகளில் ஒரே சர்வீஸ் லைனில் பல போர்ஷன்கள் இருக்கும். யாரோ தண்ணீர் மோட்டார் போட்டதும் டிவி அணையும். அரை எச்பி மோட்டார் ஓடும்போது மூன்று நான்கு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் இறங்கும் வோல்டேஜை டிவி பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் அந்தத் திடீர் கரண்டில் தளர்ந்த இணைப்பு பொறி தட்டி ஒரு கணம் விட்டுப்போகும், டிவி அங்கேதான் விழுகிறது. ஸ்டெபிலைசர் இதைச் சரிசெய்யாது. ரிலே வகையாக இருந்தால், அது "டிக்" என்று மாறும்போது தானே ஒரு சிறு இடைவெளி விடும். மெலிந்த கெப்பாசிட்டர் கொண்ட பழைய டிவிக்கு அதுவே போதும்.

கண்டுபிடிக்க எளிய வழி செட்டாப் பாக்ஸ். டிவி அணையும்போது அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும் செட்டாப் பாக்ஸும் அணைந்து முதலிலிருந்து பூட் ஆனால், கோளாறு மின்வழியில். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க டிவி மட்டும் அணைந்தால், டிவியின் பிளக்கையும் அது நுழையும் துளையையும், ஸ்லீப் டைமரையும், பிறகு டிவியையும் சந்தேகப்படலாம். சத்தம் வந்து படம் மட்டும் போனால் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது. டிவியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கலாம்.

மின்வழிதான் என்றால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் வேறு அறையில் நேராகச் செருகி ஒருநாள் பாருங்கள். டிவி அணைவது நின்றுவிட்டால் பழைய பாயிண்டையோ பாக்ஸையோ மாற்றினால் போதும். நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, மெயின் போர்டு ஸ்க்ரூக்களையும் ஃபியூஸ் கேரியரின் பிடிப்பையும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் பக்கத்தையும், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரையும், பார்க்கச் சொல்லுங்கள், டெஸ்டர் ஃபேஸில் எரிந்தால் "எல்லாம் சரி" என்று போய்விடுகிற பழக்கம் இருக்கிறது. தளர்ந்த நியூட்ரலை டெஸ்டர் காட்டாது.

அந்த நியூட்ரல்தான் உண்மையான ஆபத்து. மூன்று ஃபேஸ் வரும் கட்டடத்தில் போர்ஷன்கள் வெவ்வேறு ஃபேஸில் இருக்கும், நியூட்ரல் பொதுவானது. அது அறுந்தால் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். அதிகம் பயன்படுத்தும் வீட்டில் வோல்டேஜ் சரியும், குறைவாகப் பயன்படுத்தும் வீட்டில் 300-ஐயும் தாண்டும். ஒரு அறையில் மிக்ஸி போட்டால் இன்னொரு அறையில் பல்பு பளிச்சென்று கூடுகிறதா? உடனே மெயினை அணையுங்கள். மீட்டருக்கு முன்னால் இருப்பதும் தெருவோர பில்லர் பாக்ஸும் மின்வாரியத்துடையவை, கை வைக்காமல் அதன் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அழைத்து "நியூட்ரல் கட்" என்றே சொல்லுங்கள். சரிசெய்த பிறகு மல்டிமீட்டர் வைத்து 230-க்கு அருகில் நிற்கிறதா என்று அளக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஒரு லைட், அப்புறம் ஃபேன், கடைசியாக டிவியைப் போடுங்கள்.