பெட்ரோல் டாங்கில் கோழித்தீவனம்

நாமக்கல்லில் முட்டைக்கோழிகளுக்குத் தீவனக் கலவை வகுத்துக் கொடுப்பது என் வேலை. லாரி வந்து நின்றதும் மூட்டையில் குத்தூசியைச் செருகி, ஒரு கைப்பிடி மக்காச்சோளம் எடுத்து ஈரம் பார்ப்பேன். 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பயம். முன்பெல்லாம் பெரம்பலூர்ப் பக்கம் மழை எப்படி என்று விசாரித்தாலே விலைப்போக்கு பிடிபட்டுவிடும். இப்போது, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற சாராயத்தை மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் ஆலைக்காரர் என்ன விலை கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

2023 ஜூலையில் எத்தனாலுக்கு அரசுக் கிடங்கு அரிசி தருவது நின்றது. அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாம் 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தோம்.

ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 10 லிட்டர் போடுகிறீர்கள். அதிலுள்ள 2 லிட்டர் எத்தனால் மக்காச்சோளத்தில் வந்ததென்றால், 5 கிலோவுக்கு மேல் தானியம் செலவாகியிருக்கிறது. ஒரு கோழி நாளொன்றுக்குத் தின்னும் 110 கிராம் தீவனத்தில் பாதி மக்காச்சோளம் என்று வையுங்கள். அந்த 5 கிலோ, 90 கோழிகளுக்கு மேல் ஒரு நாள் பங்கு.

"எத்தனால் எடுத்த சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறதே, சார்" என்பார்கள் ஆலைக்காரர்கள். உண்மைதான். மாவுச்சத்து போனபின் மூன்றில் ஒரு பங்கு எடை, புரதம் மிகுந்த டிடிஜிஎஸ் என்ற உலர்சக்கையாகத் திரும்புகிறது. ஆனால் நாங்கள் மக்காச்சோளம் சேர்ப்பதே அந்த மாவுச்சத்தின் எரிசக்திக்காகத்தானே! இன்னொரு தொல்லையும் உண்டு. தானியத்தில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு நொதித்தலில் அழிவதில்லை. சக்கையில் ஏறக்குறைய மூன்று மடங்காகத் திரண்டு நிற்கும். அதைத் தின்ற கோழியின் ஈரலை வெட்டிப் பார்த்தால் வெளிறிக் கொழகொழவென்று இருக்கும். முட்டை குறையும். பண்ணையாளர் நோயென்று நினைத்து மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்.

விவசாயிக்கு நல்ல விலை கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. 2018இல் படைப்புழு வந்து மானாவாரி மக்காச்சோளக் காடுகள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். என் வழக்கெல்லாம், எரிபொருளுக்கு எதை முதலில் எடுக்கிறோம் என்பதில்தான். பானிபட்டில் 2022இல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை திறந்தார்கள். தொழில்நுட்பம் கடினம், செலவும் அதிகம். ஆனாலும் மானியத்தை அங்கே கொட்டட்டும். மனிதர் தின்னத் தகாத தானியம் அடுத்து வரட்டும். பள்ளிச் சத்துணவில் வைக்கிற முட்டைக்கு மூலமான நல்ல மணி கடைசியில்தான் ஆலைக்குப் போக வேண்டும்.

பண்ணையாளர்களே, சக்கை வாங்கினால் லோடுக்கு லோடு அஃப்ளாடாக்சின் பரிசோதனைச் சீட்டு கேளுங்கள். சென்ற மாதத்துச் சீட்டை நீட்டினால் இறக்காதீர்கள்.