பிஸ்கட் டின்னில் தூங்கும் சில்லறை

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஒரு பெரியவர் இரண்டு பிஸ்கட் டின்களுடன் வந்தார். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். முகப்பிடத்தில் டின்களை வைத்தபோது மேசை அதிர்ந்தது. “அத்தனையும் பேத்தியின் படிப்புக்குத் தம்பி. பழைய காசுக்கு இப்போது நல்ல விலையாமே” என்றார்.

மூடியைத் திறந்தேன். வாவ் பட்டம் பொறித்த 50 காசுகளும் வெற்றிலைத் தட்டு பொறித்த 20 காசுகளும் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துணியில் துடைத்திருக்கிறார். அடியில் ஒரு சுருக்குப் பை. அதற்குள் கிரிஸ் கத்தி பொறித்த 1 ரிங்கிட் நாணயங்கள், மொத்தம் 212. அந்தப் பையைத்தான் அவர் பெரிதாக நம்பியிருந்தார்.

அந்த நாணயம் 1989இல் வந்தது. 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே வங்கிக்குக் கொண்டுவந்திருந்தால் முழுதாக 212 ரிங்கிட் கிடைத்திருக்கும். இன்று நான் அதில் ஒன்றைக்கூடக் கணக்கில் சேர்க்க முடியாது. இதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசாமல் பையின் சுருக்கை இழுத்து முடிந்தார்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்த முகப்பிடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து பேராவது இப்படி வருகிறார்கள். எல்லாருமே சிக்கனக்காரர்கள், உழைப்பாளிகள். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

“அரசாங்கம் ஒரு காசை நிறுத்தினால் அதன் விலை ஏறும்” என்பதுதான் அவர்கள் கேள்விப்படுவது. 2008 ஏப்ரல் 1 முதல் கடைக் கணக்குகளை 5 காசுக்கு முழுமையாக்கும் முறை வந்ததும் 1 காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. உடனே தோட்டத்து வீடுகளில் மைலோ டின்கள் நிறைந்தன. ஆனால் அந்தக் காசு கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டது. உங்கள் வீட்டில் ஒரு டின் இருந்தால் அடுத்த வீட்டிலும் ஒரு டின் இருக்கிறது. எல்லாரிடமும் இருப்பதை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? சேகரிப்பாளர்கள் 1971ஆம் ஆண்டின் 10 காசைத் தேடுவது உண்மைதான். அந்த ஆண்டில் மிகக் குறைவாகவே அது வார்க்கப்பட்டது. அதையும் அவர்கள் உருப்பெருக்கியில் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். கை படாத, கழுவாத நாணயத்துக்கே மதிப்பு. புளியும் சாம்பலும் மேற்பரப்பை அரித்துவிடும். அந்தப் பெரியவர் ஆசையாகத் தேய்த்த தேய்ப்பே, இருந்த கொஞ்ச மதிப்பையும் எடுத்துவிட்டது.

உலோகத்தை நம்புகிறவர்களும் உண்டு. பழைய 1 காசுகளின் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள், பெரும்பாலானவை ஒட்டிக்கொள்ளும்: செம்பு நிறத்தின் உள்ளே இருப்பது எஃகு. 2012இல் வந்த புதிய 20, 50 காசுகள் மஞ்சளாக மின்னினாலும் அவற்றில் தங்கம் துளியும் இல்லை. அதே வரிசையின் 5, 10 காசுகள் துருப்பிடிக்காத எஃகுதான்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் காணொளிகள் இதைவிட ஆபத்தானவை. உங்கள் 1 காசுக்கு ஐயாயிரம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். எங்கள் வாடிக்கையாளரான ஓர் அக்கா 300 ரிங்கிட் கட்டினார். பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. வாங்குகிறவன்தான் பணம் தரவேண்டும். விற்பவரிடம் கேட்டால் அது மோசடி. பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.

டின்னுக்குள் இருக்கும் 1,000 ரிங்கிட் முப்பது ஆண்டு கழித்தும் 1,000 ரிங்கிட்தான். நான் பள்ளிக்குப் போன காலத்தில் 50 காசுக்கு ஒரு ரொட்டி சானாய் தின்றேன். இன்று அந்த 50 காசைக் கொடுத்தால் பாதி ரொட்டிகூட வராது. ஊழியர் சேமநிதி தன் வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி தரவேண்டிய குறைந்தபட்ச ஈவு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. அந்தக் குறைந்தபட்சத்திலேயே அதே 1,000, முப்பது ஆண்டில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 2024க்கு அது அறிவித்த ஈவு 6.3 விழுக்காடு. வங்கியில் போட்டாலோ, வைப்புக் காப்புறுதிக் கழகத்தில் (PIDM) உறுப்பான ஒவ்வொரு வங்கியிலும் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை காப்புறுதி உண்டு. இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் தாத்தா பாட்டிகள் மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். சிறு காசு ஓரிடத்தில் சேர்ந்து வேலை செய்ததால் வந்த நிலம் அது.

வீட்டில் டின் இருந்தால் இந்த வாரமே பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். எல்லாக் கிளைகளிலும் நாணயம் போடும் இயந்திரம் இருக்காது, கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. கடையில் மொத்தமாகச் செலவழிக்கலாம் என்றால், ஒரு முறைக்கு 25 நாணயங்களுக்கு மேல் வாங்கவேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை.

பெரியவரின் காசை எண்ணி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 640 ரிங்கிட். மறுநாள் பேத்தியை அவளுடைய பிறப்புச் சான்றிதழுடன் அழைத்து வந்து அவள் பெயரில் கணக்கு திறந்தார். ஏழு வயதுப் பிள்ளை, கால் தரையில் எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு கிரிஸ் நாணயம் இருந்தது. “இது செல்லாதாம் தாத்தா, நானே வைத்துக்கொள்ளவா?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.