முதல் தண்ணீர்: வெளிவராத இயங்குதளத்தோடு பத்து நாள்

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி மதகைத் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது முதலில் கண்ணில் படுவது நுரையும் சருகும்தான். பின்னாலேயே கலங்கலாக ஒரு நாக்கு தண்ணீர் நீளும். வெடித்துக் கிடக்கும் தரை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இந்த வருஷம் தண்ணி பத்தாது" என்று எங்கள் ஊரில் யாரும் முடிவு கட்ட மாட்டார்கள். தரை குடித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

போனை ஓட்டும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். அது புதிதாக ஏறும்போது அந்தப் பொறுமையை நாம் கொடுப்பதில்லை. முதல் மணி நேரத்திலேயே "சூப்பர்" என்றோ "பேட்டரியைத் தின்கிறது" என்றோ சொல்லிவிடுகிறோம். மே மாதக் கடைசியில், திருவாரூர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என்னிடம் இருக்கும் இரண்டாவது போனில் ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பை, அது பீட்டாவாக இருக்கும்போதே ஏற்றினேன். மூன்று மணி நேரம் கழித்து சித்தப்பா அதைக் கையில் எடுத்தார்.

"என்னடா தம்பி, இட்லிப் பானை மாதிரி சுடுது?"

"புதுசு போட்டிருக்கேன் சித்தப்பா."

"புதுசு போட்டா சுடுமா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால், பீட்டா என்றால் என்ன? டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு ரகத்தை உருவாக்கியதும் விதை மூட்டை கட்டி அனுப்பிவிடுவதில்லை. முதலில் நிலையத்துத் திடலில் பார்ப்பார்கள். பிறகு பல ஊர் மண்ணில் பார்ப்பார்கள். கடைசியில் விவசாயிகளின் வயலிலேயே சோதனைத் திடல் போட்டு, பக்கத்தில் பழைய ரகத்தையும் நட்டு ஒப்பிடுவார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், கடலோரத்து உப்பு மண்ணில் என்ன ஆகும், தண்ணீர் ஒரு வாரம் தேங்கினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த வயல்தான் சொல்ல வேண்டும்.

பீட்டா அந்தக் கடைசிக் கட்டம்: முழு வெளியீட்டுக்கு முன், பயன்படுத்துபவர்களின் போனிலேயே ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பதிப்பு. ஆண்ட்ராய்டு 16-ஐ எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் ஆப் எழுதுபவர்களுக்கான முதல் முன்னோட்டம் வந்தது. 2025 ஜனவரியில் முதல் பீட்டா. மார்ச்சில் வந்த மூன்றாவது பீட்டாவோடு, இயங்குதளமும் ஆப்களும் பேசிக்கொள்ளும் வாசல்கள் இனி மாறாது என்று கூகுள் அறிவித்தது. ஜூன் 10-ல் முழு வெளியீடு. இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மார்ச் மாதக் கட்டம். அதற்கு முன்னால் வருவது இன்னும் வடிவம் மாறக்கூடியது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் பிழை திருத்தம்தான். பீட்டாவைப் பற்றி யாராவது பேசினால், எத்தனையாவது பீட்டா என்று கேட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

சரி, ஏற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

அப்டேட் இறங்கும் நேரம் முழுக்க நான் போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தேன், ஒரு அழைப்பும் பேசினேன். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை அதன் மேலேயே எழுதி மாற்றினால் இது முடியாது. குறுவை வயலில் நிற்கும்போதே, வேறொரு மூலையில் அடுத்த போகமான தாளடிக்கு நாற்று விட்டுவிடுவோம் இல்லையா? அறுப்பு முடிந்து உழுததும் பறித்து நட நாற்று தயாராக இருக்கும். 2016-ல் ஆண்ட்ராய்டு 7 கொண்டுவந்த ஏற்பாடும் இப்படித்தான். போனின் சேமிப்பில் இயங்குதளத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடம். நாம் ஏ-யில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது பி-யில் எழுதப்படும். மறுதொடக்கம் செய்யும் அந்த ஒரு நொடியில் வாசல் மாறுகிறது.

நாற்று சரியில்லை என்றால்? போனைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலுக்கு பூட்லோடர் என்று பெயர். புதிய இடத்திலிருந்து தொடங்க அது சில முறை முயன்று பார்க்கும். இயங்குதளம் முழுதாக எழுந்து "நான் நலம்" என்று குறி வைக்காவிட்டால், பழைய இடத்துக்கே திருப்பிவிடும். இரண்டு முழுப் பிரதிக்கு இடம் நிறைய வீணாகிறது என்பதால், 2020-ல் ஆண்ட்ராய்டு 11 இதைச் சிக்கனமாக்கியது. மாறிய பகுதிகளை மட்டும் காலி இடத்தில் தனியாக எழுதிவைத்து, புதியது நன்றாக எழுந்த பிறகு அவற்றை இருக்க வேண்டிய இடத்தில் இணைக்கிறது. இந்த இணைப்பு வேலை, நாம் புது வால்பேப்பரை ரசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நடக்கிறது. சித்தப்பா கையில் உணர்ந்த சூட்டில் ஒரு சிறு பங்கு இது.

பெரிய பங்கு வேறிடத்தில் இருக்கிறது. நாம் இறக்கும் ஆப், சிப்புக்கு நேரடியாகப் புரியும் மொழியில் வருவதில்லை. டெக்ஸ் என்ற இடைமொழியில் வருகிறது. அதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் வேலை ஆர்ட் என்ற பகுதிக்கு. 2014-ல் ஆண்ட்ராய்டு 5 வந்த காலத்தில் எல்லா ஆப்களையும் முன்கூட்டியே முழுதாக மொழிபெயர்த்துவிடும். அதனால் அப்டேட் முடிந்ததும் "இத்தனையில் இத்தனையாவது ஆப்" என்று எண் ஓடும் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருப்போம். ஆண்ட்ராய்டு 7 முதல் வேறு வழி. ஆப் முதலில் இடைமொழியிலேயே ஓடும். அடிக்கடி பயன்படும் பகுதி எது என்று போன் குறித்துக்கொள்ளும். இரவில் சார்ஜில் போட்டுச் சும்மா வைத்திருக்கும்போது அந்தப் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்துச் சேமித்துவிடும்.

இப்படிச் சேமித்த மொழிபெயர்ப்பு, இயங்குதளத்தின் உள்ளமைப்பை மனப்பாடமாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. எந்த வேலைக்கு நினைவகத்தில் எங்கே போக வேண்டும் என்பது அதில் பதிந்திருக்கும். இயங்குதளம் மாறியதும் அந்த முகவரிகள் செல்லாது. ஊரில் எல்லா வீட்டு எண்ணும் ஒரே ராத்திரியில் மாறிவிட்டால், இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு தபால் போட்டவர்கூட மறுநாள் ஒவ்வொரு வாசலாக நின்று கேட்க வேண்டும். போனின் முதல் நாள் அப்படிப்பட்டது. பழைய மொழிபெயர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓடும்போதே வரிக்கு வரி புரிந்துகொண்டு ஓடுகிறது. சிப் முழு வேகத்தில் உழைக்கிறது.

முழு வேகம் என்றால் சூடு ஏன்? சிப்பின் வேகத்தைக் கூட்ட அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். ஆகவே வேகம் கொஞ்சம் கூடினாலே சூடு அதைவிட வேகமாகக் கூடிவிடும். அதோடு எங்கள் ஊர்க் கத்திரி வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெளிச்சூடு 0 முதல் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். மே மாத மதியத்தில் எங்கள் திண்ணையே அதைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு பீட்டாவின் பேட்டரியைக் குறை சொல்வது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதல் இரண்டு இரவும் போனைச் சார்ஜில் போட்டு, காற்றோட்டமான ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் காலை சூடு இல்லை. முதல் நாள் மாலைக்குள் தீர்ந்த சார்ஜ், நான்காம் நாள் இரவு படுக்கும் வரை நின்றது. இடையில் அப்டேட் எதுவும் வரவில்லை. தரை குடித்து முடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதல் பார்வையில் ஏமாற்றும் இன்னொன்று வேகம். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும் திரையில், ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும், 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3-க்குள். தவறினால் விரலடியில் ஒரு சின்ன உதறல் தெரியும். ஆனால் புதுப் பதிப்பில் "பறக்குது" என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இதனால் வருவதில்லை. ஆப் திறந்து மூடும் அசைவின் நீளத்தையும் வளைவையும் மாற்றியிருப்பார்கள். அசைவு குறுகினால் வேலை அதே நேரத்தில் முடிந்தாலும் கண் அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். டெவலப்பர் அமைப்புகளில் அசைவின் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். நாலு வருஷப் பழைய போன்கூடச் சுறுசுறுப்பாகிவிட்டது போலத் தெரியும்.

எந்தப் புது இயங்குதளம் வந்தாலும் நான் செய்யும் முதல் சோதனை வேறு. குறிப்பேட்டைத் திறந்து "கொள்ளிடம்" என்று அடிப்பேன்.

இந்த ஒரு சொல்லில் தமிழுக்கான சோதனை பாதி அடங்கிவிடும். நம் கணக்கில் எழுத்து ஐந்து: கொ, ள், ளி, ட, ம். கணினிகள் எழுத்துகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எண்முறையான யூனிகோடு கணக்கில் குறியெண் ஒன்பது. முதல் எழுத்தில் க என்று ஒன்று, அதற்குப் பின்னால் ஒகரக் குறி என்று ஒன்று. சேமிப்பில் அந்தக் குறி ஒரே துண்டாகக் ககரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. திரையில் அதையே இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். அதற்கு முன்னால் இன்னொரு தேடல் நடக்கிறது. ஆங்கிலத்துக்கு முதலில் எடுக்கும் ரோபோட்டோ எழுத்துருவில் தமிழ் இல்லை. எனவே வரிசையாக மாற்று எழுத்துருக்களில் தேடி, நோட்டோ தமிழில் கண்டுபிடித்து, அதன் விதிப்படி எழுத்துகளை அடுக்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் இது நடக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை.

பூட்டுத் திரை, அறிவிப்பு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து என எல்லா இடத்திலும் கொள்ளிடம் சரியாகவே நின்றது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் புது செட்டிங்ஸ் பக்கங்கள் சில ஆங்கிலத்திலேயே இருந்தன. மொழிபெயர்ப்பு பொதுவாக வாசகம் உறுதியான பிறகுதான் வரும், அதனால் பீட்டாவில் அது பிந்துவது வழக்கம். வானிலை ஆப் ஒன்றில் மட்டும் "கூடூர்" என்ற ஊர்ப்பெயரின் அடிப்பகுதி பொத்தானுக்கு வெளியே போய் அறுபட்டிருந்தது. ஆங்கில எழுத்தின் உயரத்துக்குப் பெட்டி கட்டினால் நம் ஊகாரக் குறிகளுக்குக் கீழே இடம் பத்தாது. படம் பிடித்து அந்த ஆப்காரர்களுக்கு அனுப்பினேன். பீட்டா போடுபவர்களில் தமிழில் போனை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடினால், இப்படிப்பட்ட குறைகள் வெளியீட்டுக்கு முன்பே கண்ணில் படும். இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

ஒரு பண ஆப் திறக்க மறுத்தது. இதற்குப் பொதுவாக இரண்டு காரணம். பண ஆப்கள் தாங்கள் ஓடும் இடம் நம்பத்தக்கதா என்று சோதிக்கும், பழக்கமில்லாத பதிப்பைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. இரண்டாவது காரணம் எனக்குச் சுவாரசியமானது. ஆப்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்க முறையான மதகுகள் இருக்கின்றன. சிலர் அவசரத்துக்குக் கரையை வெட்டிச் சொந்த மடை வைத்துக்கொள்வார்கள், அதாவது அறிவிக்கப்படாத உள்வழிகளைப் பயன்படுத்துவார்கள். ஆண்ட்ராய்டு 9 வந்த 2018 முதல் அந்த வெட்டுகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். கரையைப் பலப்படுத்திய வருஷம் வெட்டு வைத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகாது. முறையான மதகில் வாங்கிய பழைய ஆப்கள், தாங்கள் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டவை என்று ஒரு எண்ணை அறிவித்திருக்கும். அதைப் பார்த்து, இயங்குதளம் அவற்றோடு பழைய முறையிலேயே பேசிக்கொள்கிறது.

அப்புறம், திரும்பிப் போவது. பீட்டா பிடிக்கவில்லை என்று பழைய பதிப்புக்குத் திரும்பினால் போனிலுள்ள எல்லாம் அழியும். இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைக் காரணம் சாவி. போனில் உள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டவை. அந்தச் சாவிகள் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணோடு பிணைக்கப்படுகின்றன. மேலே ஏறும்போது சாவியும் புது எண்ணுக்கு ஏற்றப்படும். கீழே இறங்கினால் பாதுகாப்பு வன்பொருள் அந்தச் சாவியைத் தராது. திருடியவர் ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்றிவிட்டுப் பூட்டைத் திறக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முழு வெளியீடு வரும் வரை காத்திருந்து, அதை ஏற்றிவிட்டு, அடுத்த பீட்டா ஏறும் முன் திட்டத்திலிருந்து விலகினால் எதுவும் அழியாது.

பத்தாம் நாள் சித்தப்பா போனைத் திரும்ப வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இப்ப சுடலையே. எனக்கும் போட்டு விடு."

அவரிடம் இருப்பது ஒரே போன். வங்கி ஓடிபி, கேஸ் பதிவு, பேத்தியின் படங்கள் எல்லாம் அதில்தான். வேண்டாம் என்றேன். முழுதாக வெளிவந்து அவர் போனுக்கு அறிவிப்பு வரும்போது கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, அப்டேட்டைப் போட்டு, ராத்திரி ஜன்னலோரம் சார்ஜில் வைத்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.