நான்கு பேர், ஆறு இணைகள்

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் மாலைக் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது, ஓரமாக நின்று பந்தைப் பார்க்காமல் ஒரு பத்து நிமிடம் பின்வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அதுவரை கண்ணில் படாத வேறொரு ஆட்டம் தெரியத் தொடங்கும். பந்து எதிரணியின் எல்லையில் எங்கோ உருண்டுகொண்டிருக்கும் நேரத்திலும் பின்னால் இருக்கும் நான்கு பேரும் சும்மா நிற்பதில்லை; நாலடி ஏறுகிறார்கள், இரண்டடி இறங்குகிறார்கள், வலப்பக்கம் நகர்கிறார்கள், மறுபடி இடப்பக்கம் வருகிறார்கள். கோல் கம்பத்திலிருந்து கோல்கீப்பர் "ஏறு, ஏறு, லைன புடி" என்று தொண்டை வறளக் கத்துகிறான். அடுத்த நொடியே, பின்வரிசையின் நடுவில் நிற்கும், தன்னைவிட வயதில் மூத்த ஸ்டாப்பரைப் பார்த்து "அண்ணா, பின்னாடி ஆளு" என்கிறான். இந்த நகர்வுகளுக்குள் இருக்கும் கணக்குதான், ஒரு தொழில்முறை அணியின் தற்காப்பு ஏன் ஒரு பருவத்தில் இறுகுகிறது, அடுத்த பருவத்தில் ஏன் அவிழ்ந்துபோகிறது என்பதை விளக்குகிறது.

தற்காப்பு ஒரு கோடாக நிற்பதற்கு முதல் காரணம் ஆஃப்சைடு விதி. பந்து தட்டப்படும் கணத்தில், எதிரணியின் பாதியில் பந்தைத் தாண்டி நிற்கும் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும், அல்லது அவர்களுக்கு அவர் சமமாக நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் அவர் ஆஃப்சைடு. அந்த இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால், உண்மையில் எல்லையாக அமைவது கடைசித் தடுப்பாட்டக்காரர் நிற்கும் இடம். களத்தில் சுண்ணாம்பால் வரையப்படாத, ஆட்கள் தங்கள் கால்களால் வரைந்து அழித்து மீண்டும் வரையும் ஒரே கோடு இதுதான். 1925 வரை இருவருக்குப் பதிலாக மூவர் தேவைப்பட்டது. அந்த ஆண்டு விதி தளர்த்தப்பட்டதும் இங்கிலாந்து லீகில் ஒரே பருவத்தில் கோல்களின் எண்ணிக்கை 4,700-இலிருந்து 6,373 ஆக உயர்ந்தது. அதற்கு மறுமொழியாக ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்களத்தின் மைய வீரரைப் பின்னால் இழுத்து இரு பேக்குகளுக்கு, அதாவது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு, நடுவில் நிறுத்தினார். எதிரணியின் மையத் தாக்குதலை நிறுத்துவதே அந்த வீரரின் வேலை என்பதால் ஸ்டாப்பர் என்ற பெயர் வந்தது. இங்கிலாந்துத் தொலைக்காட்சி வர்ணனையில் இன்று அரிதாகிவிட்ட அந்தச் சொல், புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் நூறாண்டு கழிந்தும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது.

கோடு எங்கே நிற்க வேண்டும் என்பது தூரமும் நேரமும் சேர்ந்த கணக்கு. தற்காப்பு வரிசை தன் கோலிலிருந்து 40 மீட்டர் முன்னே ஏறி நிற்கிறது என்று கொள்வோம். நடுக்களத்திலிருந்து ஒருவர் வரிசையின் இடைவெளி வழியாகப் பந்தை அனுப்புகிறார். அது 30 மீட்டரைச் சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கடந்தால் 2 நொடி ஆகிறது. முன்கள வீரர் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கிறார். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அந்த 2 நொடியில் 16 மீட்டர் போய்விடுவார். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர் கண்ணால் கண்டதை உடல் ஏற்கவும், இடுப்பைத் திருப்பிக் கோலை நோக்கி முகம் மாற்றவும் ஏறக்குறைய அரை நொடியை இழக்கிறார். மீதி ஒன்றரை நொடியில், நின்ற நிலையிலிருந்து வேகமெடுத்து, ஏழெட்டு மீட்டர்தான் ஓட முடியும். 8 மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. முன்கள வீரரைவிட அவர் வேகமானவராகவே இருந்தாலும் இந்த இடைவெளியைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் இங்கே தோற்றது உச்ச வேகத்தில் அல்ல, தொடங்கிய கணத்தில்.

இதனால்தான் பயிற்சியாளர்கள் பேக்குகளை நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்க விடுவதில்லை. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, உடலைப் பாதி திருப்பி, பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குத் திரும்பும் நேரம் ஏறக்குறைய மிச்சமாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய சேமிப்பு, பந்தை அனுப்பப்போகிறவரின் காலைப் படிப்பதில் இருக்கிறது. நீளமாக அடிக்கப்போகிறவர் காலைப் பின்னுக்கு ஓங்கியாக வேண்டும். அந்த ஓங்கலைக் கண்டவுடன் இரண்டடி இறங்குபவர், பந்து புறப்படும்போதே ஓட்டத்தில் இருக்கிறார். மாறாக, ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்க்கும் பேக்கு தன்னிடம் இருக்கும் அரை நொடியையும் தானமாகக் கொடுத்துவிடுகிறார். நம் மைதானங்களில் இந்தத் தானம் தாராளமாகவே நடக்கிறது.

மேலே சொன்ன கணக்கில் இன்னொருவரைச் சேர்க்கவில்லை. பந்தும் முன்கள வீரரும் சந்திக்கும் இடம் கோலிலிருந்து 24 மீட்டர் தள்ளி இருக்கிறது. கோல்கீப்பர் தன் கோட்டிலேயே நின்றிருந்தால் 24 மீட்டர் ஓடி வர ஏறக்குறைய 4 நொடி வேண்டும். பந்து அதற்குள் வலைக்குள் இருக்கும். ஆனால் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதியின் விளிம்பைத் தாண்டி 18 மீட்டரில் நின்றிருந்தால் அவர் கடக்க வேண்டியது 6 மீட்டர் மட்டுமே. 2 நொடியில் வந்து பந்தை வெளியே உதைத்துவிடலாம். ஆகவே ஆழம் என்று நாம் பேச வேண்டியது வரிசைக்கும் கோலுக்கும் உள்ள தூரத்தை அல்ல. வரிசைக்கும் கோல்கீப்பருக்கும் இடையே யாருமற்றுக் கிடக்கும் நிலத்தை. வரிசை ஏறும்போது கோல்கீப்பரும் ஏறினால் அந்த நிலம் மாறாமல் இருக்கும். அவர் ஏறாவிட்டால், முன்னே ஏறும் ஒவ்வோர் அடியும் எதிரணிக்குக் கொடுத்த இடம்.

அப்படியென்றால் பேசாமல் பின்னாலேயே நின்றுவிடலாமே என்று தோன்றும். 18 மீட்டரில் வரிசை நின்றால் பின்னால் இடமே இருக்காது என்பது சரிதான். ஆனால் எதிரணி கோலிலிருந்து 20, 25 மீட்டரில் நிம்மதியாகப் பந்தை வைத்துக்கொண்டு நிற்கும், தவறிய ஒவ்வொரு பந்தும் பெனால்டி பகுதிக்குள்ளேயே விழும். இங்கே ஒரு சிறு வடிவியல் உதவுகிறது. 7.32 மீட்டர் அகலமுள்ள கோல், நேர் எதிரே 11 மீட்டரில் நிற்பவருக்கு ஏறக்குறைய 37 பாகை விரிந்து தெரிகிறது. நேர் எதிரே 25 மீட்டருக்குப் போனால் 17 பாகை. அதே 11 மீட்டர் தொலைவில் ஆனால் 15 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நின்றால் 14 பாகைகூட இல்லை. எதிராளியை 14 மீட்டர் பின்னுக்குத் தள்ளுவதும் 15 மீட்டர் ஓரத்துக்கு ஒதுக்குவதும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன. பின்வரிசை எப்போதும் நடுவை அடைத்து, பக்கக் கோட்டை நோக்கி ஆட்டத்தைத் தள்ளுவதன் காரணம் இந்தக் கோணம்.

அகலத்திலும் ஒரு பற்றாக்குறை உண்டு. களம் 68 மீட்டர் அகலம்; நான்கு பேர் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் நின்றால் 30 மீட்டர் அடைபடும், மீதி திறந்தே கிடக்கும். அந்தத் திறப்பு ஆபத்தாக மாறாததற்குக் காரணம் பந்தின் பயண நேரம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 40 மீட்டர் அனுப்பப்படும் பந்து நொடிக்கு 20 மீட்டரில் போனாலும் 2 நொடி எடுக்கும். ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் வரிசை அதற்குள் பத்து மீட்டருக்குக் குறையாமல் சரிந்துவிடும். நால்வரும் சேர்ந்து சரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: இரு கயிறுகளும் ஒரே கதியில் வராவிட்டால், வலை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பின்தங்கிய பக்கம் வழியாக மீன் போய்விடும். இத்தாலியின் மிலான் அணியை 1987 முதல் நடத்திய அரிகோ சாக்கி, தன் அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் முன்கள வீரருக்கும் இடையே ஏறக்குறைய 25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வற்புறுத்தி, பந்தே இல்லாமல் முழு அணியையும் ஒன்றாக நகர வைத்துப் பயிற்சி கொடுத்தார். டசோட்டி, பரேசி, கோஸ்டகூர்டா, மால்டினி என்ற நால்வர் இருந்த அந்த அணி 1989, 1990 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

ஏறுவதா இறங்குவதா என்பதை அந்தந்தக் கணத்தில் தீர்மானிப்பது, பந்தை வைத்திருப்பவருக்கு இருக்கும் சுதந்திரம். அவர்மேல் ஆள் பாய்ந்திருந்தால், தலை குனிந்திருந்தால், அவரால் நீளமாக அனுப்ப முடியாது, வரிசை ஏறலாம். அவர் தலை நிமிர்ந்து, முன்னால் யாருமில்லாமல் இருந்தால் இறங்க வேண்டும். எனவே தற்காப்பு வரிசையின் நல்ல நாள், பெரும்பாலும் அதற்கு முன்னே நிற்கும் நடுக்கள வீரரின் நல்ல நாள். வியாசர்பாடியிலிருந்து சென்று சென்னையின் எஃப்சி என்ற தொழில்முறை அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் செய்த வேலை இதுதான். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் அடித்த கோல் எல்லாருக்கும் நினைவிருக்கும். பந்து வைத்திருப்பவரை நிமிர்ந்து பார்க்க விடாமல் அவர் கெடுத்த தருணங்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

அந்த 2017-18 பருவத்தில் சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) 18 ஆட்டங்களில் 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்று, மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதியாட்டத்தை 3-2 என வென்றது. மூன்று கோல்களில் இரண்டை, கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி அடித்தவர் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ். அவருக்குப் பக்கத்தில் நின்ற போர்ச்சுகல்காரர் ஹென்றிக் செரெனோ அடுத்த பருவத்துக்கு இல்லை. 2018-19-இல் அதே அணி 9 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்தது. ஒரே ஒரு ஸ்டாப்பர் போனதால் எல்லாம் குலைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கோல் அடிப்பதும் அந்த ஆண்டு வற்றிப்போனது. ஆனாலும் ஓர் ஆள் மாறுவது ஏன் ஓர் ஆளின் அளவுக்கு மட்டும் பாதிப்பதில்லை என்பதற்கு எளிய எண்கணிதம் இருக்கிறது.

நான்கு பேருக்குள் ஆறு இணைகள் உண்டு. ஒவ்வோர் இணைக்கும் தனிப் புரிதல் இருக்கிறது: நீ போனால் நான் நிற்பேன், நீ கத்தினால் நான் விடுவேன், உன் இடது கால் மெதுவாகத்தான் திரும்பும் என்பது எனக்குத் தெரியும். ஒருவர் மாறினால் ஆறில் மூன்று இணைகள் புதியவையாகின்றன. இருவர் மாறினால் பழைய இணை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் இணைகள் மூன்று. ஓரத்துப் பேக்கு மாறினால் அதில் ஒன்று அறுகிறது. ஸ்டாப்பர் மாறினால் இரண்டு அறுகின்றன. ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி 2020-இல் தற்காலிகமாக வந்து 2022-இல் நிரந்தரமான பின்னரும், காயம் படாத ஸ்டாப்பரைப் பயிற்சியாளர்கள் லேசில் வெளியே எடுப்பதில்லை. சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறி, எண்பதாவது நிமிடத்தில் கால் கனத்துப்போனாலும்கூட, களைத்த பழைய இணை தெம்பான புதிய இணையைவிட மேல் என்பது அவர்கள் எண்ணம். பெரும்பாலும் அது சரி என்றே எனக்கும் படுகிறது.

இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் சில ஆண்டுகள் இதற்கு இரு பக்கமும் சாட்சி. 2017-18 லீகில் 38 கோல்கள் வாங்கிய அணி, ஸ்டாப்பர் வேன் டைக் முழுப் பருவம் ஆடி, ஆலிசன் கோல்கீப்பராக வந்த 2018-19-இல் 22 மட்டுமே வாங்கியது. வரிசை ஏறியது, பின்னால் கிடந்த நிலத்தைக் கோல்கீப்பர் காத்தார். 2020 அக்டோபரில் வேன் டைக்கின் முழங்கால் போயிற்று; நவம்பரில் இன்னொரு ஸ்டாப்பர் கோமெஸும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மற்றொருவரான மாட்டிப்பும் காயத்தால் விலகினார்கள். ஃபாபினியோவையும் ஹெண்டர்சனையும் நடுக்களத்திலிருந்து பின்னுக்கு இழுத்தார்கள். ஓட்டை அடைபடவில்லை, இடம் மாறியது. பந்து வைத்திருப்பவர்மேல் பாய வேண்டியவர்களே பின்வரிசைக்குப் போய்விட்டதால், வரிசை ஏறுவதற்கான நிபந்தனையே கெட்டது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றார்கள்; பருவ முடிவில் வாங்கியவை 42. ஆனால் அதிகம் பெயர் தெரியாத நேட் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் ஸ்டாப்பர்களாக நிலைத்து, ஃபாபினியோ நடுக்களத்துக்குத் திரும்பியதும் அணி வரிசையாக வென்று மூன்றாம் இடத்தைப் பிடித்தது. திறமை குறைந்த ஆனால் நிலையான இணை, திறமை மிகுந்த ஆனால் நாள்தோறும் மாறும் இணையை வென்றுவிட்டது.

ஆகவே, மாற்று வீரர்களின் பெஞ்சில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது ஓர் அணியின் கையிருப்பை அளக்கும் வழியல்ல. பெஞ்சில் இருப்பவருக்கு எத்தனை இணைகள் ஏற்கெனவே கைவந்திருக்கின்றன என்று கேட்க வேண்டும். இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. ஐஎஸ்எல் போட்டியில் 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரே ஆடலாம் என்பதால், வெளிநாட்டு ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் நிற்பவரோ அவருக்குப் பதிலாக இறங்குபவரோ பெரும்பாலும் உள்ளூர்க்காரர். வடசென்னையின் சந்துகளிலும் சிறு மைதானங்களிலும் பிள்ளைகள் ஆடி வளர்வது ஐவர் ஆட்டத்தில். அதில் ஆஃப்சைடு கிடையாது, ஆகவே கோடும் கிடையாது. ஆளைப் பிடித்தால் போதும். அந்த இடுக்கில் கால்வேலை பிரமாதமாக வருகிறது. பக்கத்தில் நிற்பவனோடு சேர்ந்து ஏறி இறங்கும் பழக்கம் மட்டும் முழுக் களத்துக்கு வந்த பிறகே, பதினைந்து பதினாறு வயதில் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

அதற்கு ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. நால்வரின் இடுப்பையும் வரிசையாக நீளக் கயிற்றால் இணைத்துவிட்டு, பந்தை அங்குமிங்கும் நகர்த்துவார்கள். ஒருவர் தாமதித்தால் பக்கத்து ஆளின் இடுப்பு இழுபடும், ஒருவர் முந்தினாலும் இழுபடும். விவரம் தெரிந்த பயிற்சியாளர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விசில் ஊதி, நடுவிலிருக்கும் ஸ்டாப்பரை அவிழ்த்துவிட்டு, ஓரத்தில் நிற்கும் ஐந்தாமவனை அந்த முடிச்சில் கட்டுகிறார்.