ஒரு கை கறுப்பு, ஒரு கை வெளுப்பு

போன வருஷம் சித்திரைக் கடைசி. டோக்கன் எல்லாம் முடிந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். பின்னால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஒரு பையன், இடது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு.

"டாக்டரம்மா, ஆவணியில கல்யாணம் பேசி வச்சிருக்கோம். பொண்ணு வீட்டுல கையைப் பார்த்துட்டா அவ்வளவுதான்."

கைக்குட்டையை அவிழ்த்தேன். வலது கை விரல் நுனி வரை வறுத்த காபிக் கொட்டை நிறம். இடது கையும் மணிக்கட்டு வரை அப்படியே வந்து, அங்கே சட்டென்று பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறியது. ரூலர் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. புறங்கையில் மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் மட்டும் கறுப்பு. வெளுத்த இடத்தில் நீர் கோத்த கொப்புளங்கள் நாலைந்து.

வெண்புள்ளி ரூலர் போட்டு வராது. வளைந்து நெளிந்து, மேப்பில் போட்ட தீவு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அம்மாவின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று லைட்டை அணைத்துவிட்டு வுட்ஸ் லாம்ப் என்ற புற ஊதா விளக்கைப் பிடித்தேன். வெண்புள்ளியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் சுண்ணாம்பு பூசிய மாதிரி பளீரென்று தெரியும். இங்கே எதுவும் பளிச்சிடவில்லை.

"தம்பி, என்ன வேலை பார்க்கறீங்க?"

"சென்னையில கோல்ஃப் கிளப்புல கேடி, மேடம். இப்ப நானும் ஆடறேன்."

ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவருக்கு அந்த விளையாட்டில் கேடி என்றுதான் பெயர். கடலூர் முதுநகரில் போய் மாப்பிள்ளைக்கு அந்த வேலை என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பெண் வீட்டில் 'கிளப்பில் சூப்பர்வைசர்' என்று சொல்லியிருந்தார்களாம். நம் நாட்டில் கேடியாகத் தொடங்கி ஆட்டக்காரர் ஆனவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்தத் தம்பியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வலது கைப் பழக்கமுள்ள கோல்ஃப்காரர் இடது கையில் மட்டும் கிளவுஸ் போடுவார். மட்டையின் மேல்பிடி அந்தக் கையில், வழுக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டம் என்றால் 18 குழி; நாலு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். கிளவுஸுக்குள் இருந்த கை பிறந்த நிறத்தில் இருக்கிறது, வெளியே இருந்ததெல்லாம் கறுத்துவிட்டது. அந்த முக்கோணம், ஒட்டுப்பட்டைக்குப் பக்கத்தில் கிளவுஸ் பிளந்திருக்கும் இடம். அதாவது அம்மா நோய் என்று நினைத்த கைதான் நல்ல கை.

அப்படியென்றால் கொப்புளம்? யாரோ சொன்னார்கள் என்று கார்போகரிசி எண்ணெயைத் தடவி, காலை வெயிலில் காட்டியிருக்கிறார்கள். கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால், வழக்கமான வெயிலே பல மடங்கு சுடும். வெண்புள்ளிக்கு நாங்களும் சோராலென் கொடுப்பதுண்டு; சித்த மருத்துவத்தில் கார்போகரிசி வெகுகாலமாகப் புழங்குகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு வெயில் என்று அளந்து கொடுக்கிற மருந்து அது. வெண்புள்ளியே இல்லாத கையில், அளவில்லாமல் தடவினால் இப்படித்தான் கொப்பளிக்கும். தோலில் வெளுப்பு தெரிந்தால் முதலில் அது என்ன என்று காட்டிவிட்டு, பிறகு எண்ணெய்க்குப் போங்கள்.

அன்றிலிருந்து டிவியில் கோல்ஃப் வந்தால் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, உடையைப் பார்க்கிறேன். தொழில் புத்தி.

கேரி பிளேயர் என்று ஒரு தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர். தலை முதல் கால் வரை கறுப்பே உடுத்தியதால் 'கறுப்பு வீரன்' என்றே பெயர் வந்தது. 1960-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு ஒரு கால் கறுப்பு, ஒரு கால் வெள்ளையாகத் தைத்த பேன்ட் போட்டு வந்தார். என் பேஷன்ட்டின் இரண்டு கைகளைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. டைகர் வுட்ஸ் ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றுக்குச் சிவப்புச் சட்டை போடுவதன் பின்னால் அவருடைய தாய்லாந்து அம்மாவின் நம்பிக்கை இருக்கிறது. இதெல்லாம் ஸ்டைல். ஆனால் என் கண்ணில் பார்த்தால், கறுப்பும் அழுத்தமான சிவப்பும் வெளிர் நிறங்களைவிடப் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கிற நிறங்கள்.

இங்கேதான் நம்மூரில் பெரிய குழப்பம். "வெயிலுக்கு வெள்ளை நல்லது" என்று எல்லோரும் சொல்வார்கள். சூட்டுக்கு நல்லது, சரி. தோலைக் கறுக்க வைக்கிற, சுட வைக்கிற புற ஊதாக் கதிருக்கு அது பொருந்தாது. துணிக்கு யுபிஎஃப் என்று ஒரு அளவு உண்டு. யுபிஎஃப் 50 என்றால் விழுகிற கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், உள்ளே போகும். மெல்லிய வெள்ளைக் காட்டன் டீ-ஷர்ட்டுக்கு இது 5, 7 என்ற அளவில்தான் நிற்கும். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டால் இன்னும் இறங்கும். கரை வேட்டி, மெல்லிய வெள்ளைச் சட்டையோடு மே மாதம் முழுக்கக் கல்யாண வீடு கல்யாண வீடாக அலைகிறவர்களின் முதுகில், பனியன் வடிவத்தையே நான் பார்த்திருக்கிறேன். பனியன் இருந்த இடம் வெளுப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. இரண்டு துணி இருந்த இடம் பிழைத்தது.

கடையில் யுபிஎஃப் எழுதியிருக்காது. துணியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளக்கு நன்றாகத் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும்.

அடுத்து தொப்பி. கோல்ஃப்காரர்கள் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் நீட்டிய கேப்தான் போடுகிறார்கள். நெற்றிக்கு மேலே விளம்பரதாரர் பெயர் எழுத அதில்தான் இடம். காது, பின்கழுத்து, கன்னத்தின் பக்கவாட்டு எல்லாம் திறந்து கிடக்கும். 2009 பிரிட்டிஷ் ஓப்பனில் ஸ்டீவர்ட் சிங்க் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜெயித்து, கை குலுக்கத் தொப்பியைக் கழற்றினார். முகம் ஒரு நிறம், தலை முட்டை ஓடு மாதிரி வெள்ளை. உலகமே சிரித்தது. சில வருஷம் கழித்து அதே மனிதர் தனக்கு முகத்தில் தோல் புற்றுநோய் வந்ததை வெளியே சொன்னார். ஆஸ்திரேலியாவின் ஆடம் ஸ்காட்டுக்கும் 2011-ல் முகத்திலிருந்து பேசல் செல் கார்சினோமா என்ற வகைப் புற்றை வெட்டி எடுத்தார்கள்.

பயப்பட வேண்டாம். நம் தோலில் மெலனின் அதிகம், வெயிலால் வரும் புற்று வெள்ளைக்காரர்களைவிட வெகு குறைவு. என்னிடம் வருவது வேறு: கன்னத்தில் மங்கு, பின்கழுத்திலும் முன்கையிலும் பங்குனி பிறந்ததும் பொரிப்பொரியாகக் கிளம்பி அரிக்கிற வெயில் அலர்ஜி. இந்த அலர்ஜிக்காரர்களில் நிறையப் பேர் கிரிக்கெட் ஆடும் பையன்கள், பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் தினம் பைக்கில் போய்வருகிறவர்கள், சில்வர் பீச்சில் கடை போட்டிருப்பவர்கள். மணல் தன் மேல் விழும் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி வீசும். கேப் போட்டுக் குனிந்து நின்றாலும் கீழிருந்து வரும். சுற்றிலும் விளிம்புள்ள தொப்பியும் காலர் வைத்த சட்டையும் போடச் சொன்னால், "பெருசுங்க மாதிரி இருக்கும் மேடம்" என்கிறார்கள். அதே ஆள் ஆயிரம் ரூபாய்க்கு கிரீம் கேட்பார்!

கோல்ஃப்காரர்களிடமிருந்து எடுக்கக் கூடாததும் ஒன்று உண்டு. பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரில், ஆண்கள் போட்டியில் முழு பேன்ட்தான் போட வேண்டும். 2019-ல்தான் பயிற்சிச் சுற்றுக்கு அரை டிராயரை அனுமதித்தார்கள். இப்போது அந்த பேன்ட் பாலியஸ்டரில், தொடையைப் பிடித்தபடி வருகிறது. பாலியஸ்டர் கதிரை நன்றாகத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் கடற்கரைப் புழுக்கத்தில், காற்றுப் புகாத இறுக்கமான துணி தொடையிடுக்கில் வியர்வையைத் தேக்கி வைத்தால் படர்தாமரைக்கு விருந்து. அந்தத் தம்பிக்கும் இருந்தது. வெட்கப்பட்டு, கடைசியில்தான் சொன்னார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூபை மூன்று மாதமாகப் போட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு. போட்டதும் அரிப்பு அடங்கும், விட்டதும் வட்டம் பெரிதாகும், தோல் மெலிந்து கோடு விழும். கையில் இருந்த வெளுப்புக்கு ஓடி வந்தவர்கள், உண்மையான நோயைப் பேன்ட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

அவருக்கு எழுதிக் கொடுத்தது மருந்து பாதி, துணி பாதி. தொளதொளவென்ற பேன்ட், ஆட்டம் முடிந்ததும் குளித்து உடை மாற்றுவது, ஆழ்ந்த நிறத்தில் கொஞ்சம் தளர்ந்த காலர் டீ-ஷர்ட், இரண்டு கைக்கும் ஸ்லீவ். ஸ்லீவை பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலேயே வாங்கலாம், பிராண்ட் வேண்டாம். இழுத்துப் போட்டால் நெசவு விரிந்து வெயில் உள்ளே வரும் என்பதால் ஒரு சைஸ் பெரிதாக. நம்மூரில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் இதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள், பையன்கள்தான் பாக்கி.

ஆறு வாரம் கழித்து வந்தார்கள். படர்தாமரை முக்கால்வாசி அடங்கியிருந்தது. கொப்புளம் இருந்த இடம் கறுப்புத் தழும்பாகி, வெளுத்த கையில் இப்போது புள்ளி புள்ளியாக. அது மறைய மாதக் கணக்காகும் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கைக்கும் ஒரு கிளவுஸ் மாட்டிவிட்டா ரெண்டும் ஒரே கலராயிடும்ல?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் டாமி கெய்னி என்று ஒருவர் இரண்டு கையிலும் கிளவுஸ் போட்டே ஆடினார், 'ரெண்டு கிளவுஸ்' என்றுதான் பட்டப்பெயர், 2012-ல் பெரிய போட்டி ஒன்றையும் ஜெயித்தார் என்று சொன்னேன்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா டாக்டரம்மா?"