இன்ஜின் ஆறியிருக்கும்போது காரைப் பாருங்கள்

பயன்படுத்திய செடான் காரை வாங்குவதற்கு முன் பரிசோதித்துத் தரும்படி என் பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, அந்த மாடல் நம்பகமானதா என்பதைத்தான். கேள்வியில் பிழையில்லை. ஆனால் எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய காரில், தயாரித்த நிறுவனத்தின் பெயரைவிட, வைத்திருந்தவர் உரிய காலத்தில் ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் மாற்றினாரா என்பதே எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு குடும்பத்தினர், வாங்கிச் சில நாட்களே ஆன காரைக் கொண்டுவந்தார்கள். காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சங்கிலி உரசுவது போன்ற சத்தமும் சைலன்சரிலிருந்து நீலப் புகையும் வந்தன. சற்று நேரத்தில் இரண்டும் மறைந்துவிடும். வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்து, ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் இறுகிப்போயிருந்தன. வாங்குவதற்கு முன் அவர்கள் மூன்று முறை பார்த்திருக்கிறார்கள்; மூன்று முறையும் விற்பவரே காரை ஓட்டிவந்து காட்டியதால், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆகவே, கார் நிற்கும் இடத்துக்கு நீங்களே செல்லுங்கள்; பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த காலையில் சிறிது வெள்ளை ஆவி வருவது இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டாம். இன்ஜின் நன்கு சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகிக் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று ஐயப்பட வேண்டும்.

அடுத்தது, காரின் கணினியில் பதிவானவற்றைப் படித்துக் காட்டும் ஸ்கேனர். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் கோளாறு இல்லை என்று கொள்ளக்கூடாது, ஏனெனில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை நொடியில் அழித்துவிடலாம். அப்படி அழிக்கும்போது, கார் தன்னைத்தானே சோதித்து முடித்த பதிவுகளும் சேர்ந்து அழிகின்றன. அவை மீண்டும் நிறைவுறச் சில நாட்கள் பலவகையாக ஓட்ட வேண்டியிருக்கும். அந்தச் சோதனைகளில் பல முடியாத நிலையில் இருப்பதாக ஸ்கேனர் காட்டினால், அண்மையில் எதையோ அழித்திருக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி நேரலாம் என்பதால், விற்பவரைக் குற்றம் சொல்லாமல், சில நாட்கள் ஓட்டியபின் மறுபடி சோதிக்க அனுமதி கேளுங்கள்.

ஓடோமீட்டர் எண்ணை நான் தனியாக நம்புவதில்லை. பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் அந்த எண்ணோடு பொருந்த வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து டயர்களில் ஒன்று மட்டும் மிகப் புதியதாக இருந்தால் காரணம் கேளுங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றியபின் கார் தயங்கிப் பிறகு குலுங்கி நகர்ந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில், அதை மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், இந்த பெல்ட்டுக்கும் எல்லா ஆயில்களுக்கும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடைய பிரேக் ஃபுளூயிடுக்கும் ஆகும் செலவை முன்னதாகவே ஒதுக்கி வையுங்கள்.