விரலில் மாட்டும் கருவி காட்டாத கணக்கு

உசிலம்பட்டியில் என் பெரியம்மா 40 ஆண்டுகள் விறகடுப்பும் ஊதாங்குழலுமாக வாழ்ந்தவர். இப்போது திண்ணையில் உட்கார்ந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, உதடுகளைக் குவித்து மெல்ல மெல்ல ஊதுகிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புகையால் தளர்ந்துபோன சிறு காற்றுக்குழாய்கள், மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளும். காற்று உள்ளேயே தங்கிவிடும். உதட்டைக் குவித்து ஊதினால் உள்ளே அழுத்தம் நிலைத்து, குழாய்கள் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் இது.

போன மார்கழியில் சளி கட்டி, மூச்சு முட்டியது. மருத்துவமனையில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 82 சதவீதம் என்று காட்டியது. ஆக்சிஜனைக் கூட்டி வைத்தார்கள். 98 வந்ததும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. நள்ளிரவுக்கு மேல் கூப்பிட்டால் பதில் இல்லை. அசந்து தூங்குகிறார் என்றே நினைத்தோம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கரியமில வாயுவின் அழுத்தம் 78. இயல்பாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம்தான் இருக்க வேண்டும். அது தேங்கினால் ரத்தம் அமிலமாகி, மூளை மந்தமாகும்.

தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் அது ஒருவகை மூச்சுச் செயலிழப்பு. நிமோனியாவில் பெரும்பாலும் இதுதான். கரியமில வாயு வெளியேறாமல் தேங்குவது இன்னொரு வகை. விரல் கருவிக்கு இந்த இரண்டாவது தெரியவே தெரியாது.

சரி, ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு ஏன் ஏற வேண்டும்? மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வரும்போது, தரிசு வயலுக்கு யாரும் மடை திறப்பதில்லை. நுரையீரலும் அப்படியே, காற்றோட்டம் குறைந்த காற்றறைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அளவு மீறிய ஆக்சிஜன் அந்த மடைகளைத் திறந்துவிடுகிறது. அங்கே பாயும் ரத்தம் கரியமில வாயுவை இறக்காமலே திரும்புகிறது. போதாததற்கு, ஆக்சிஜன் நிறைந்த சிவப்பணுக்கள் தாங்கள் சுமந்த கரியமில வாயுவையும் ரத்தத்தில் விட்டுவிடும். நல்ல நுரையீரல் உள்ளவர் வேகமாக மூச்சுவிட்டு இதை ஈடுகட்டுவார். பெரியம்மாவுக்கு அந்தத் தெம்பு இல்லை.

இதற்காக ஆக்சிஜனுக்குப் பயந்துவிடக் கூடாது. அது குறைந்தால் உயிரே போய்விடும். இத்தகைய நோயாளிகளுக்கு விரல் கருவியில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவர்கள் அளந்து கொடுக்கிறார்கள்.

ஆக்சிஜனைக் குறைத்து, பைபாப் முகமூடியை இறுக்கி மாட்டினார்கள். மூச்சை இழுக்கும்போது அது அழுத்திக் காற்றைத் தள்ளும். விடும்போது லேசான அழுத்தத்தால் குழாய்களைத் திறந்து வைக்கும். குவித்த உதடு செய்ததும் இந்த வேலைதான். விடிந்தபோது கருவியில் 90. பெரியம்மா கண் திறந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டார்.